கோவில், பள்ளி, கம்பெனி: நெருக்கடிக்குத் தயாராவது பற்றி டர்பனில் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் கோவில் கமிட்டி, தமிழ்ப் பள்ளி, முதியோர் இல்லம், சிறு தொழில் நடத்துகிறவர்கள் நெருக்கடி மேலாண்மை பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. பெரிய கம்பெனிகளில் இதற்குத் தனித் துறையே உண்டு. இங்கே சொல்வதெல்லாம் அஞ்சாறு பேர் சம்பளத்துக்கும் மற்றவர்கள் தொண்டுக்கும் வேலை பார்க்கிற அமைப்புகளுக்கானது.

நாங்கள் சின்னக் கோவில். கமிட்டியிலேயே பத்துப் பன்னிரண்டு பேர்தான். எங்களுக்கு எதற்கு இதெல்லாம்?

கடந்த சில ஆண்டுகளில் நம் மாகாணமான குவாசூலு-நட்டாலில் நடந்ததை மட்டும் பாருங்கள். 2021 ஜூலையில் கலவரம். 350க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலை அடைபட்டு, ரொட்டிக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றோம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் வெள்ளம். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், டோங்காட்டில் குடிநீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. 2024 ஜூன் 3 அன்று அதே டோங்காட்டைச் சுழல்காற்று (டொர்னாடோ) தாக்கியது. இதற்கு நடுவில் மின்வெட்டு வேறு. இவற்றில் எதுவும் சின்னக் கோவில் பெரிய கோவில் என்று பார்த்து வரவில்லை.

பழைய கதையும் ஒன்று உண்டு. கேட்டோ மேனரில் இருக்கும் அம்பலவாணர் ஆலயத்தின் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். 1875இல் ஆற்றங்கரையில் கட்டிய முதல் கோவிலை 1905 வெள்ளம் அழித்தபோது அதிலிருந்து மீட்ட கதவுகள் அவை. இன்றைய கோவில் எழுந்தது 1947இல். நடுவில் 42 ஆண்டுகள். ஆற்றங்கரையில் கட்டியதைக் குறை சொல்லவில்லை. கரும்புத் தோட்டக் காலத்தில் நம் ஆட்களுக்குக் கிடைத்த இடம் அதுதான். ஆனால் ஒரே ஒரு வெள்ளம் ஒரு அமைப்பை எத்தனை காலம் பின்னுக்குத் தள்ளும் என்பதற்கு இதைவிடக் கிட்டத்து உதாரணம் வேண்டாம்.

தீயணைப்பான் இருக்கிறது, முதலுதவிப் பெட்டி இருக்கிறது. அது போதாதா?

அது அவசர உதவி. அதுவும் வேண்டும், சட்டமும் கேட்கிறது. 1993ஆம் ஆண்டின் தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள்படி ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் என்றால் பயிற்சி பெற்ற முதலுதவியாளரும் இருக்க வேண்டும்.

சமையற்கட்டில் தீப்பிடித்தால் அணைப்பது, காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் கையேட்டில் உள்ளதைச் செய்தால் முடிந்துவிடும். அப்புறம் வருவதுதான் நெருக்கடி. அன்றைக்கு இருந்த கல்யாண முன்பதிவு என்ன ஆகும், சமையற்காரருக்குச் சம்பளம் உண்டா, எரிவாயு இணைப்பு சான்றிதழ் யாரிடம் இருக்கிறது, பத்திரிகைக்காரர் போன் செய்தால் யார் எடுப்பது. கையேட்டில் பதில் இல்லாத கேள்விகள், குறைந்த நேரம், அரைகுறைத் தகவல். இந்த மூன்றும் சேரும்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பதுதான் நெருக்கடி மேலாண்மை.

எங்கிருந்து தொடங்குவது? வரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியல் போட ஆரம்பித்தால் முடிவே இல்லை.

பட்டியலைக் காரணப்படி போடாதீர்கள், விளைவுப்படி போடுங்கள். வெள்ளமோ தீயோ கலவரமோ, கடைசியில் உங்கள் வாசலில் வந்து நிற்பது சில நிலைமைகள்தான். கட்டடத்தைப் பயன்படுத்த முடியாது. முக்கியமான ஆட்கள் வர முடியாது. மின்சாரம், தண்ணீர், போன் இல்லை. பணத்தை எடுக்க முடியாது. உயிருக்கு ஆபத்து. அமைப்பின் பெயர் கெடுகிறது. ஒவ்வொன்றுக்கும் "முதல் நாள் என்ன, முதல் வாரம் என்ன" என்று நாலு வரி எழுதினால் பாதித் திட்டம் தயார்.

அடுத்து, வேலிக்கு வெளியேயும் பாருங்கள். 2021 ஜூலை 12 அன்று கார்னூபியாவில் ஒரு பூச்சிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். புகை சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. ரசாயனம் ஓடையில் கலந்து உம்ஷ்லாங்கா பக்கத்துக் கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. பக்கத்து வீதிக் கிடங்கில் என்ன அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் கமிட்டியில் யாருக்காவது தெரியுமா? ஒரு நாள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் இன்னும் நுணுக்கமாகப் போக வேண்டும். யாருக்கு ஆக்சிஜன் வேண்டும், யாருக்கு இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும், யாரைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும் என்று அறை வாரியாக ஒரு தாள் இருக்க வேண்டும். இரவுப் பணியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை வைத்துத்தான் அந்தத் தாளைப் படிக்க வேண்டும். பகலில் எட்டுப் பேர் தூக்கலாம், இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர்?

குழுவில் யார் யார்? எங்கள் தலைவர்தானே எல்லாம் முடிவெடுப்பார்?

இந்தக் கேள்வியைச் சரியாகத் தீர்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும் என்பது என் அபிப்பிராயம். நான் பார்த்த வரை, நம் அமைப்புகள் தடுமாறுவது சாமான் இல்லாததால் இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் "யார் சொல்வது?" என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதால்தான். தலைவர் அங்கிள் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருப்பார். செயலாளரின் போனில் சார்ஜ் இருக்காது. பொருளாளர், "தீர்மானம் இல்லாமல் பணம் தர முடியாது" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

அதனால் கல்யாண வீட்டில் பந்திக்கு ஒருவர், வாசலுக்கு ஒருவர் என்று பிரிப்பது போல நாலைந்து பொறுப்புகளைப் பிரியுங்கள். முடிவெடுப்பவர் ஒருவர். ஆட்களைக் கணக்கெடுத்துப் பார்த்துக்கொள்பவர் ஒருவர். கட்டடம், தண்ணீர், மின்சாரம், வாகனம் ஒருவர். வெளியே பேசுபவர் ஒருவர். இன்னொருவர் வேறெதுவும் செய்யாமல் நேரம் போட்டு நோட்டில் எழுதுபவர். இந்தக் கடைசி ஆளை எல்லோரும் வெட்டிவிடப் பார்ப்பார்கள். வெட்டாதீர்கள். காப்பீட்டுக்காரர் வந்தாலும், தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தாலும் முதலில் கேட்பது எது எப்போது நடந்தது என்றுதான்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு மாற்று ஆட்கள் வேண்டும். இருவரும் ஒரே வீட்டில், ஒரே தெருவில் இருக்கக் கூடாது. தெருவே மூழ்கினால் என்ன செய்வீர்கள்? பதவியைப் பார்த்தும் ஆள் போடாதீர்கள். பதற்றத்தில் குரல் உயர்த்தாத, மற்றவர் சொல்வதைக் கேட்கிற ஆள் வேண்டும். பல கோவில்களில் அப்படிப்பட்டவர் சமையற்கட்டை நடத்தும் ஆன்டிதான். இருநூறு பேருக்குச் சோறு ஆக்கும்போது அரிசி போதாமல் போனால் சமாளிப்பவருக்கு நெருக்கடி புதிதல்ல.

அதிகாரத்தை வாய்வார்த்தையாக விடாமல் கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள். கூட்டம் கூட்டாமல் எவ்வளவு ராண்ட் வரை செலவழிக்கலாம், எந்த நிகழ்ச்சியை ரத்து செய்யலாம், கட்டடத்தை யார் மூடச் சொல்லலாம், யார் திறக்கச் சொல்லலாம், எத்தனை நாளுக்குள் கமிட்டிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வங்கியில் இரண்டு கையெழுத்து ஏற்பாடு என்றால் மூன்றாவது ஆளையும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

எந்தக் கட்டத்தில் குழுவைக் கூட்டுவது? வீணாகப் பயமுறுத்திய மாதிரி ஆகிவிடாதா?

அடையாளங்களை முன்பே எழுதி வைத்தால் அந்தச் சங்கடம் இருக்காது. மழைக்கு நல்ல அளவுகோல் கையிலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்க வானிலைச் சேவை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தோடு 1 முதல் 10 வரை நிலையும் சொல்கிறது. 2022 ஏப்ரலில் அந்த ஒரே நாளில் எச்சரிக்கை படிப்படியாக ஏறி இரவில் சிவப்பு நிலை 10க்குப் போனது. சிவப்பு வந்தபோது பலருக்கு வெளியேற வழியில்லை. ஆகவே சிவப்புக்குக் காத்திருக்கும் திட்டம் உதவாது. ஆரஞ்சு வந்தாலே குழு போனில் கூடும், ஆற்றோரம் இருப்பவர்கள் அன்றைய மாலை நிகழ்ச்சியை நிறுத்துவார்கள் என்று எழுதுங்கள். பத்து முறையில் எட்டு முறை ஒன்றும் நடக்காமல் போகலாம். போகட்டும்.

திட்டம் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

நாலு பக்கம், பின்னால் தொலைபேசிப் பட்டியல். எண்பது பக்கக் கோப்பைத் தணிக்கைக்குக் காட்டலாம், மழை இரவில் யாரும் புரட்ட மாட்டார்கள். பட்டியலில் போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112 என்பதோடு வார்டு கவுன்சிலர், மின்பணியாளர், பிளம்பர், பக்கி (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) வைத்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோரும் இருக்கட்டும்.

அதைக் காகிதத்தில் வைத்திருங்கள். 2021 ஜூலை 22 அன்று துறைமுகங்களையும் ரயிலையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகளை இணையத் தாக்குதல் முடக்கியபோது டர்பன் துறைமுகத்தின் கொள்கலன் முனையமே கையால் எழுதி வேலை பார்க்கும் நிலைக்கு வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், கூகுள் டிரைவில் மட்டும் இருக்கும் உங்கள் உறுப்பினர் பட்டியலை எண்ணிப் பாருங்கள். ஒரு பிரதி அலுவலகத்தில், ஒன்று தலைவர் வீட்டில், ஒன்று வேறொரு பகுதியில் இருக்கும் உறுப்பினர் வீட்டில்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, தகவல் சொல்ல அது போதாதா?

காலை வணக்கம் படம் அனுப்புகிற அதே குரூப்பில் வேண்டாம். நெருக்கடிக்கென்று தனியாக ஒன்று, நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடியதாக வையுங்கள். 2021இல் எந்தக் கடை எரிகிறது, எந்தக் கூட்டம் எங்கே வருகிறது என்று நிமிடத்துக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அவற்றில் எது உண்மை, எது வதந்தி என்று பிரிக்க முடியாமல் திணறினோம். "கண்ணால் பார்த்தவர் பெயர் இல்லாத செய்தியைக் குழு அனுப்பாது" என்று ஒரு விதி போதும், பாதி சத்தம் அடங்கும்.

நீண்ட மின்வெட்டில் கைபேசி கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்துவிடும். அப்போது ஒருவர் ஐந்து வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்கிற ஏற்பாடு வேண்டும். கார் வானொலியும் இருக்கிறது.

மொழியையும் கவனியுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் இசிசூலு. தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விசாவில் வந்திருக்கும் குருக்களுக்குத் தமிழ். கோவில் வளாகத்தில் இரவில் தங்குவது பெரும்பாலும் காவலாளியும் குருக்களும்தான். ஆனால் அறிவிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியிருக்கும்.

செய்தியாளர்கள் வந்தால் "கருத்துச் சொல்ல எதுவும் இல்லை" என்று அனுப்பிவிடலாமா?

கூடாது. 2017, 2018இல் உணவு வழியாக லிஸ்டீரியா கிருமி நோய் பரவி இந்த நாட்டில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2018 மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர், பொலோக்வானே ஆலையில் தயாரான பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சிதான் மூலம் என்று அறிவித்தார். அதன்பின் நடந்த செய்தியாளர் சந்திப்பில் அந்த ஆலையின் சொந்தக்காரரான டைகர் பிராண்ட்ஸ் கம்பெனியின் தலைவர், இறப்புகளுக்கு நேரடித் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்ற தொனியில் பேசினார். வக்கீல் பார்வையில் அது கவனமான பேச்சாக இருக்கலாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும்? 1982இல் அமெரிக்காவில் டைலனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. தவறு அவர்களுடையது அல்ல. ஆனாலும் முதலில் மக்களைக் காப்பாற்றினார்கள், வழக்கு அப்புறம்.

உங்களுக்குத் தேவையானது நாலு வாக்கியம். என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரிந்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இரங்கல், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், அடுத்து எப்போது பேசுவோம். அதோடு நிறுத்துங்கள். யார் தவறு என்ற ஆராய்ச்சி அன்றைக்கு வேண்டாம். இறந்தவர் பெயரைக் குடும்பத்துக்குச் சொல்வதற்கு முன் வெளியே விடவே கூடாது.

காவடி, தீமிதி நாட்களில் கூட்டம் அதிகம். அதற்குத் தனித் திட்டம் வேண்டுமா?

வேண்டும். சாட்ஸ்வர்த்தில் 2000 மார்ச் 24ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். த்ராப் நடன அரங்கில் கண்ணீர்ப்புகைக் குப்பி வெடித்து, வெளியே ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். பயந்த கூட்டம் வந்த வழியாகவே திரும்ப ஓடும். வேறு வாசல் இருந்தாலும் அது பூட்டியிருந்தாலோ கண்ணில் படாவிட்டாலோ இல்லாததற்குச் சமம். திருவிழா அன்று எல்லா வாசலையும் திறந்து பாருங்கள். பின்வாசலை அடைத்து அன்னதானப் பாத்திரம் அடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதை முதலில் நிறுத்த வேண்டும்.

பெரிய நிகழ்ச்சிகளுக்கு 2010ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், சமய நிகழ்ச்சிகளும் அதற்குள் வரும். ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று போலீஸ் வகைப்படுத்தும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள்.

நாளையும் கவனியுங்கள். இங்கே மாரியம்மன் திருவிழாவும் தீமிதியும் பல கோவில்களில் ஈஸ்டர் விடுமுறையில்தான். 2022இல் வெள்ளம் வந்த இரவுக்கும் புனித வெள்ளிக்கும் இடையில் மூன்றே நாள். திருவிழாவைத் தள்ளிப்போடுவது யார், குருக்களா தலைவரா? அதையும் தீர்மானத்தில் சேருங்கள்.

மறுபடி கலவரம் வந்தால் நம் ஆட்களே வாசலில் காவல் நிற்கலாமா?

இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல விரும்பவில்லை. 2021 ஜூலையில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 36 பேர் கொல்லப்பட்டதாக அரசு சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். போலீஸ் வரவில்லை, பயந்தோம் என்பது உண்மை. அந்தப் பயத்தில் போட்ட சாலைத் தடுப்புகளில் வேலைக்குப் போய்த் திரும்பிய மனிதர்களும் மாட்டினார்கள் என்பதும் உண்மை. எந்த அமைப்பின் திட்டத்திலும் துப்பாக்கி, சாலைத் தடுப்பு, அடையாளம் கேட்பது இருக்கக் கூடாது. கட்டடத்தைப் பூட்டிவிட்டு ஆட்களை வீட்டுக்கு அனுப்புங்கள். காவலுக்குப் பதிவு பெற்ற நிறுவனத்தோடு முன்பே ஒப்பந்தம் போடுங்கள். கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம்.

அமைதியான காலத்தில் செய்ய வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவிலோ பாம்பாயியிலோ இருக்கும் சர்ச், பள்ளி, வார்டு கமிட்டி ஆட்களின் எண்கள் உங்கள் பட்டியலில் இருக்கின்றனவா? அவர்கள் போனில் உங்கள் எண் இருக்கிறதா? ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால், வதந்தி வரும் நாளில் "அங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பார். ஆயிரம் ராண்ட் கேமராவைவிட இது பயன்படும்.

காப்பீடு இருக்கிறது. கலவரச் சேதமும் அதில் அடங்கும்தானே?

சாதாரணக் காப்பீட்டில் அடங்காது. கலவரச் சேதத்துக்கு இந்த நாட்டில் அரசுக்குச் சொந்தமான சாஸ்ரியா என்ற காப்பீட்டு நிறுவனம் மட்டும்தான். 1979இல் தொடங்கியது. உங்கள் தரகர் மூலம் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 2021க்குப் பிறகு அது கொடுத்த இழப்பீடு சுமார் 3,200 கோடி ராண்ட். அதில் பங்கு கிடைக்காத சிறு கடைக்காரர்கள் நிறையப் பேர், காரணம் அவர்கள் அதைச் சேர்க்கவே இல்லை. தொழில் நின்றதால் வந்த வருமான இழப்புக்கு சாஸ்ரியாவிலும் தனிச் சேர்க்கை உண்டு.

இன்னொன்று, மதிப்பு. 40 லட்சம் ராண்ட் பெறும் கட்டடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் வரும். பத்து வருடத்துக்கு முன் போட்ட மதிப்பையே புதுப்பித்துக்கொண்டிருக்கும் கோவில்கள் இதைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த விக்கிரகம், வாகனம், தேர் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

உறுப்பினர்களின் போன் எண், மருந்து விவரம் எல்லாம் பட்டியலில் போடலாமா? தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் போப்பியா சட்டம் இருக்கிறதே?

போடலாம், எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்கி. யாரிடம் பிரதி இருக்கிறது என்று குறித்து வையுங்கள். பட்டியல் கசிந்தால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் கூடிய விரைவில் சொல்ல வேண்டும்.

வேலை நேரத்தில் ஊழியர் ஒருவர் இறந்துவிட்டால்?

மீட்புக்குத் தேவையானதைத் தவிர இடத்தைக் கலைக்காதீர்கள். கழுவி விடுவது நம் வழக்கம், இங்கே அது சட்டப்படி தவறு. தொழிலாளர் துறை ஆய்வாளரின் அனுமதி வேண்டும். வேலையில் அடிபடும் ஊழியர்களுக்கான அரசு இழப்பீட்டு நிதியில் பதிவு செய்யாமல் சமையற்காரரை வைத்திருக்கும் அமைப்புகள் இதைப் படித்தவுடன் பதிவு செய்யட்டும்.

பயிற்சி என்றால் சைரன் அடித்து எல்லோரும் ஓடுவதா?

அது தீப்பயிற்சி. நெருக்கடிக் குழுவுக்கு மேசையில் உட்கார்ந்தே செய்யலாம், ஒன்றரை மணி நேரம் போதும். ஒருவர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் முடிவெடுக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று: புரட்டாசி சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. மண்டபத்தில் முந்நூறு பேர். மழை, மின்சாரம் போய்விட்டது. கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பத்து நிமிடம் கழித்து இன்னொரு சீட்டு: சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு மூச்சுத் திணறல், ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரம் ஆகுமாம். அடுத்த சீட்டு: மண்டபச் சுவர் இடிந்துவிட்டது என்று யாரோ ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள், சொந்தக்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அடுத்தது: தலைவர் போன் எடுக்கவில்லை.

கடைசிச் சீட்டைத் தவறாமல் போடுங்கள். முடிந்தால் தலைவரையே எழுந்து வெளியே போய் டீ குடிக்கச் சொல்லுங்கள். அவர் இல்லாத மேசையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் திட்டத்தில் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை, நிர்வாகிகள் தேர்தல் முடிந்ததும் ஒரு முறை.

ஆலோசகர் வைக்க வேண்டுமா? ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரச் சான்றிதழ்?

சின்ன அமைப்புக்கு இரண்டும் வேண்டாம். ஐஎஸ்ஓ 22361 என்று நெருக்கடி மேலாண்மைக்கு 2022இல் வந்த வழிகாட்டி ஒன்று உண்டு. அது வழிகாட்டிதான், அதில் சான்றிதழ் வாங்குவது கிடையாது. சான்றிதழ் தருவது தடங்கல் வந்தாலும் தொழில் நிற்காமல் நடப்பதற்கான ஐஎஸ்ஓ 22301. பெரிய கம்பெனிக்குச் சரக்குக் கொடுப்பவர்களிடம் அதைக் கேட்பார்கள், அவர்கள் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஜெனரேட்டருக்கு டீசலும் தண்ணீர்த் தொட்டியும் வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் கமிட்டிக்கு என்ன அறிக்கை கொடுப்பது?

இரண்டு வாரத்துக்குள் கூடுங்கள், அதற்கு மேல் போனால் ஆளுக்கொரு கதை ஆகிவிடும். நேரம் போட்டு எழுதிய நோட்டை வரிவரியாகப் படியுங்கள். எந்த முடிவு தாமதமானது, ஏன். யாருக்குத் தகவல் போகவில்லை. பட்டியலில் எந்த எண் வேலை செய்யவில்லை. அறிக்கையில் பெயர் சொல்லிக் குறை எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த முறை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. காவலாளியையும் சமையற்கட்டு ஆட்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள், அன்றைக்கு அவர்களுக்குச் சம்பளத்தோடு.